ஏழாம் கேள்விக்குப் பதில்

பிப்ரவரி 4

நான் கணக்கு என்று கூப்பிடும் என் அருமை மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீயும் என் அக்காவும் அத்தானும் அங்கே அதே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுது, நேரில் வந்து சரிசெய்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். உன் ஆபீஸ்தானே கிளப்பிவிட்டது? வீட்டுக்கு வீடு இருபதாயிரம்! ரேடியோவில் மந்திரி பேசினார். பூட்டி வைக்காதீர்கள், செலவு செய்யுங்கள், கடைவீதி மூச்சு விடட்டும் என்றார். நான் ஒரு சோபாவுக்கு ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருஷமாக நான் சொல்வதை அந்த மனுஷன் இன்றைக்குத்தான் சொல்கிறார். என்னைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

உன் அத்தை என்னை ஊதாரி என்பவள் அல்லவா? "இப்ப என்ன சொல்றே? அரசாங்கமே ஊதாரியா?" என்று கேட்டேன்.

"அரசாங்கத்து வாசல்ல தவணைக்காரன் வந்து நின்னா தெரியும்" என்றாள்.

அவள் சும்மா பேச்சுக்குச் சொல்வாள், நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்குப் படிப்பு போதாது. நான் ஆறாவது முடித்தவன். ஏழாவதில் வாத்தியார் என்னிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததால் மரியாதை கருதி நின்றுவிட்டேன்.

பணம் வந்ததும் ஃப்ரிட்ஜ். இரண்டு கதவு. கடைக்கும் பத்து உருளை ரெக்ஸின் கூடுதலாகச் சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் கையில் பணம் வந்தால் எல்லாரும் முதலில் பழைய சோபாவைத்தான் பார்ப்பார்கள். இது என் கணிப்பு. உன் ஆபீஸில் சொல்லி வை.

உங்கள் எல்லாரையும் நினைத்தபடி,
மாமா


பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வாத்தியார் விஷயத்துக்கு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்கு மூட்டுவலி முன்பைவிடப் பரவாயில்லை. உங்களுக்கும் அத்தைக்கும் எங்கள் அன்பு.

பணத்தைக் கொடுத்தது எங்கள் ஆபீஸ் இல்லை மாமா. கொடுத்த பணம் எங்கே போனது என்று விசாரிப்பதுதான் எங்கள் வேலை. குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்து படிவம் அனுப்புகிறோம். பூர்த்தியாகி வருபவற்றைப் பிரித்துப் பார்ப்பது என் பிரிவு.

ஒரு புதிர். இதுவரை வந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகள் மொத்தத்தையும் செலவு செய்ததாக எழுதியிருக்கின்றன. ஆனால் கடைகளில் இருந்து வரும் கணக்கில் விற்பனை அசையவே இல்லை. எங்கள் பிரிவுத் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது. "எல்லாரும் வாங்கினாங்க, யாரும் விக்கலை. நடுவுல பேய் வாங்கிச்சா?" என்று காகிதக்கட்டைப் பார்த்துக் கேட்கிறார்.

உங்களுக்குக் கடைவீதி தெரியும். யாராவது புது சோபா, குஷன் என்று வருகிறார்களா? உள்ளபடி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 6

கணக்குக்கு மாமாவின் ஆசி.

இங்கே சளி, காய்ச்சல் என்று ஒன்றும் கிடையாது. அக்காவின் மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சொன்னதாகச் சொன்னால் பாதி வலி போய்விடும்.

ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது! இறக்க நாலு பேர். வாசல் போதவில்லை. "சுவரை இடிங்கடா" என்றேன். அவர்கள் பயந்துபோய் நிலைக்கதவை மட்டும் கழற்றினார்கள். தெருவே வந்து நின்றது. எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் உள்ளே தலையை விட்டு, "அண்ணே, உள்ளே ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போல!" என்றான். வாடகை கேட்டால் உனக்குத்தான் முதலில் என்றேன். உன் அத்தைக்கு இன்னும் பழகவில்லை. பழக்கதோஷம், பாலைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்தான் வைத்து மூடுகிறாள்.

கடையில் கூட்டம் சொல்லி மாளாது. ஒரு பல் டாக்டர் நாற்பது நாற்காலிக்குச் சொல்லியிருக்கிறார். ஒரே ஆளுக்கு எதற்கு நாற்பது நாற்காலி என்று கேட்காதே, எல்லாருக்கும் பல் இருக்கிறது. இந்த நெரிசல் தாங்காமல்தான் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் படுக்கிறேன்.

இன்னொன்று. உன் ஆபீஸ் படிவம் எனக்கே வந்திருக்கிறது! குலுக்கல் என்கிறார்கள், நான் நம்பவில்லை. யாரிடம் கேட்டால் சரியான விவரம் கிடைக்கும் என்று மேலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பதினாலு கேள்வி. முதல் பக்கத்தில், நீங்கள் எழுதுவது யாருக்கும் தெரிவிக்கப்படமாட்டாது என்று போட்டிருக்கிறது. எனக்கு எதற்கு ரகசியம்? நிதானமாக உட்கார்ந்து எழுதி அனுப்புவேன்.

மாமா


மார்ச் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன்.

அம்மாதான் கேட்கச் சொன்னாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டு வாடகை நாலு மாதம் பாக்கி. மே கடைசிக்குள் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அப்பாவின் பழைய கடனுக்கு என் சம்பளத்தில் பாதி போகிறது. இது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று இருந்தோம்.

எங்களுக்கும் அந்த இருபதாயிரம் வந்தது மாமா. வந்த நாளில் வங்கி அப்படியே அப்பாவின் பாக்கிக்கு எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மா கேட்டபோது, புது அலமாரிக்குச் சொல்லியிருக்கிறோம் என்றாள் அம்மா. நான் அருகில்தான் நின்றேன். ஊர் மக்கள் என்ன வாங்கினார்கள் என்று எண்ணி எழுதுகிற நானும் தலையை ஆட்டினேன்.

நாற்பதாயிரம் தேவைப்படுகிறது. "தம்பி ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கான், நாற்பது நாற்காலி தைக்கிறான், அவனால முடியும்" என்கிறாள் அம்மா. முடியாவிட்டால் முடியாது என்று ஒரு வரி போதும். அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை.

உங்கள் மருமகள்


மார்ச் 30

அடி பைத்தியமே,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லாமல் எழுதுகிறேன். நாற்பதாயிரம் கேட்கவா ஐந்து நாள்? நாலு வரியில் கேட்டிருக்கலாம். ஒரு வரிக்குப் பத்தாயிரம்.

அக்காவிடம் சொல். அவள் தம்பி இருக்கும்போது எந்த வீட்டுக்காரனும் அவள் பெட்டியைத் தெருவில் வைக்க முடியாது. கொஞ்சம் பணம் வெளியே நிற்கிறது. பல் டாக்டர் வேறு இழுத்தடிக்கிறார், பல் பிடுங்குகிறவனிடம் பணம் பிடுங்குவது கஷ்டம்தான். ஒரு மாதம் மட்டும் பொறுக்கச் சொல்.

பழைய தையல் மெஷினையும் மாற்றலாம் என்று நெடுநாளாக யோசனை. கனத்த மெஷின், மூன்று அடுக்கு ரெக்ஸினை வெண்ணெய் மாதிரி தைக்கும், உனக்குத் தெரியும். இப்போது கம்ப்யூட்டர் வைத்த மெஷின் வந்திருக்கிறதாம். காலத்துக்கு ஏற்ற மாதிரி நாமும் போக வேண்டாமா?

அத்தைக்கு இதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

மாமா


ஏப்ரல் 17

(அனுப்பாதது)

மாமா,

இதை உங்களுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி போய்விடும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை கட்டைப் பிரித்தேன். ஏழாவதாக இருந்த படிவத்தில் உங்கள் ‘ழ’. அதன் வாலை வரி தாண்டி இழுத்து விடுவீர்களே, அதே ‘ழ’. உறவினர் படிவம் என்றால் படிக்காமல் அடுத்த மேஜைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. நான் கொடுக்கவில்லை. படித்தேன்.

ஏழாம் கேள்வி: ‘பெற்ற தொகையில் நுகர்வு எவ்வளவு?’ நீங்கள் எழுதியிருப்பது: ‘நுகர்வு என்றால் மோந்து பார்ப்பது. மோந்து பார்க்கவும் இல்லை. கைக்கு வந்தால்தானே? வங்கியில் விழுந்த அன்றே தவணைப் பாக்கிக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருபத்தேழு ரூபாய்.’

வீட்டில் உள்ள பொருட்கள் என்ற இடத்தில், ஃப்ரிட்ஜுக்கு நேராக: ‘இல்லை.’

கடனுக்குக் காரணம்: ‘ஏசி ஒன்று. அக்கா குடும்பம் நாலு நாள் வந்து தங்கியபோது வாங்கியது. அதற்கு முந்தின தடவை அத்தான் வெக்கையில் தூங்கவில்லை. எட்டாம் மாதம் கம்பெனிக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பொருள் போனது, கடன் போகவில்லை.’

"சும்மா கிடந்துச்சு, மாட்டி வெச்சேன்" என்றீர்களே மாமா. அப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கினார். அம்மா ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள், குளிர் வெளியே போகிறது என்று. நாலு நாள் நாங்கள் குளிரில் படுத்ததற்கு நீங்கள் இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பன்னிரண்டாம் கேள்வி, வரும் மாதங்களில் பெரிய செலவு உண்டா: ‘உண்டு. அக்காவுக்கு நாற்பதாயிரம். மெஷினை விற்பேன். அதன் பிறகு தொழில் கிடையாது. கடைக்கு மூன்று மாதமாக ஆள் வரவில்லை. எல்லாரும் என் மாதிரிதான் என்று நினைக்கிறேன், ஆனால் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. யாருக்கும் தெரிவிக்கமாட்டோம் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி எழுதுகிறேன்.’

தலைவர் தோளுக்குப் பின்னால் வந்து படித்துவிட்டுச் சிரித்தார். "மோந்து பார்க்கவும் இல்லையாம்! கேள்வியே புரியலை இந்த ஆளுக்கு. செல்லாததுல போடும்மா."

நானும் சிரித்தேன் மாமா. அவர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவாரோ என்று பயந்து, நானும் சேர்ந்து சிரித்தேன்.


ஏப்ரல் 18

அன்புள்ள மாமாவுக்கு,

அனைவரும் மிக்க நலம். நல்ல செய்தி. பணம் இனித் தேவையில்லை. அப்பாவுக்குப் பழைய கம்பெனியிலிருந்து வரவேண்டிய பாக்கி முழுவதும் நேற்று வந்துவிட்டது. வீட்டுக்காரரும் தானாகவே வந்து, அவசரப்பட்டுப் பேசிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். வாடகையையும் குறைத்துவிட்டார். அம்மாவின் மூட்டுவலியும் சுத்தமாகப் போய்விட்டது.

எனவே நீங்கள் எதையும் விற்கவோ மாற்றவோ வேண்டாம். பழைய மெஷின்தான் உறுதி என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 27

கணக்குக்கு,

நாங்கள் சௌக்கியம். ஒரே நாளில் உங்கள் வீட்டில் இத்தனை சௌக்கியம் வந்ததைப் படித்துக் கொஞ்சம் ஆடிப்போனேன்.

பொய் சொல்வது ஒரு தொழில் அம்மா. எனக்கு அதில் அனுபவம் உண்டு. அதாவது கேட்ட அனுபவம். நல்ல பொய்யில் ஒரு ஓட்டை இருக்க வேண்டும். பாக்கி வந்தது, ஆனால் பாதிதான் வந்தது என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். வீட்டுக்காரன் மன்னிப்புக் கேட்டானா? வாடகையையும் குறைத்தானா? மூட்டுவலியும் போச்சா? உலகத்தில் எந்த வீட்டுக்காரனும் அப்படிப் பிறக்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதம் பொறு என்றேன் அல்லவா, அக்காவுக்கு அது குத்திவிட்டது. அவன் பணம் வேண்டாம் என்று எழுது என்றிருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். நான் தாமதித்தது தப்பு.

நாற்பதாயிரமும் நேற்றே உன் பெயருக்கு அனுப்பிவிட்டேன். மெஷினைக் கொடுத்துவிட்டேன். நல்ல விலை! வாங்கினவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. புது மெஷின் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.

அக்காவிடம் கோபம் வேண்டாம் என்று சொல்.

மாமா


மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது? அத்தை எப்படி இருக்கிறாள்? உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். மூன்று வாரம் எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. கைக்கு ஒன்றும் இல்லை.

பணம் வந்தது. வந்த ஒரு மணி நேரத்திலேயே அம்மா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனாள். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஏன் என்று அவள் கேட்டால் சொல்லப் பதில் இல்லை. வீடு நிலைத்தது. வேறு என்ன எழுத?

ஆபீஸ் விஷயம் ஒன்று சொல்கிறேன். படிவத்தில் பெயர், ஊர் எல்லாம் நீக்கிய பிறகு எண் மட்டும்தான் இருக்கும். அப்படி ஒரு படிவம். யார் என்று எனக்குத் தெரியாது. நுகர்வு எவ்வளவு என்ற கேள்விக்கு, மோந்து பார்க்கவும் இல்லை, கைக்கு வந்தால்தானே என்று ஒரு மனிதர் எழுதியிருந்தார். செல்லாதவற்றில் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. கூட்டத்தில் எழுந்து அந்தப் பதிலை மட்டும் வாசித்தேன். முதலில் சிரித்தார்கள். எங்கள் மேலதிகாரி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் படிவம் நம்ம வீட்டுக்கு வந்திருந்தா நாம உண்மையை எழுதியிருப்போமா?" என்று கேட்டார். தலைவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நூறு வீடுகளுக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். என்ன வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. பணம் உங்கள் கைக்கு வந்ததா என்று மட்டும் கேட்டோம். அறுபத்திரண்டு வீடுகள் இல்லை என்றன. கடன் இல்லாத வீட்டில் பணம் கடைக்குப் போயிருக்கிறது. கடன் உள்ள வீட்டில் வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது. ஆயிரக்கணக்கான படிவங்கள் சொல்லாததை அந்த ஒரு மனிதர் சொன்னார். அடுத்த தொகையை வங்கி பிடிக்கக்கூடாது என்று மேலே எழுதியிருக்கிறோம். நடக்குமா தெரியாது.

அவரை எனக்குத் தெரிந்திருந்தால், உங்கள் படிவத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தபோது நானும் சிரித்தேன், அதற்கு மன்னியுங்கள் என்று கேட்டிருப்பேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 2

கணக்குக்கு,

நலம், நலம், எல்லாம் நலம். கை வலித்தால் எண்ணெய் தேய்.

நீ எழுதிய அந்த ஆளைப் பற்றி யோசித்தேன். படிக்காத ஆள். நுகர்வு என்றால் மோந்து பார்ப்பது என்று யாராவது எழுதுவானா? என்னைக் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன். ஆனாலும் ஆள் தைரியசாலிதான். அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று உனக்குத் தெரியாதாக்கும். எனக்கும் தெரியாது. நன்றாகத்தான் இருப்பான்.

நீ சிரித்ததைப் பற்றி அவன் ஒன்றும் நினைக்கமாட்டான். நாலு பேர் சிரிக்கும் இடத்தில் சேர்ந்து சிரிப்பது அவனுக்கும் பழக்கம்தானே. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நம் விஷயம் அமோகம். நான் இப்போது பெரிய சோபா பட்டறை ஒன்றோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறேன். இரண்டு மாடி, பதினைந்து ஆள். என் கடை சின்னது, அதில் என் திறமைக்கு இடமில்லை என்று எல்லாருமே சொன்னார்கள். எட்டு மணிக்கு மணியடித்துவிடுவார்கள், அதனால் இத்தோடு முடிக்கிறேன்.

மாமா


ஜூன் 14

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. அவருக்குப் பரவாயில்லை. என் எழுத்தைப் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும். உன் மருமகள் ஆபீஸ் போயிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தை அவள் வாசித்தாள். எட்டு மணிக்கு மணியடித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். சொந்தக் கடைக்காரன் யார் மணிக்குப் பயந்து ஓடுவான்? பத்து மணிக்கு முன்னால் நீ கடை திறந்தது உண்டா?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இது என் தொண்டையில் ரொம்ப நாளாக நிற்கிறது. அந்த ஏசியின் பக்கவாட்டில் தவணைக் கம்பெனிச் சீட்டு ஒட்டியிருந்தது. துணி காயப்போட ஜன்னல் பக்கம் போனபோது பார்த்தேன். அன்றைக்கே தெரியும். ஊருக்குத் திரும்பியதும், என் தம்பி வீட்டில் ஏசி என்று நாலு பேரிடம் சொன்னேன். சொல்ல நன்றாக இருந்தது.

நாற்பதாயிரமும் அப்படித்தான். உன்னிடம் கிடையாது என்று என் மனசுக்குத் தெரியும். உன் பெண்டாட்டி நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஒரே சேலைதான். ஃப்ரிட்ஜ் வாங்குகிறவன் வீட்டுக்காரி அப்படியா வருவாள்? தெரிந்தும் கேட்கச் சொன்னேன். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். அவன்தான் பெருமை பேசுகிறானே, பேசினதற்குக் கொடுக்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். உன் அக்கா அப்படி நினைத்தாள்.

மெஷினை யாரிடம் விற்றாய்? திரும்ப வாங்க வழி உண்டா? எவ்வளவு குறைகிறது என்று எழுது. பெருமையாக எழுதினால் பதில் போடமாட்டேன்.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு முதுகு வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரி மெலிந்திருக்கிறாள். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. நாலு முறை பதில் எழுதினேன். முதல் பதிலில் நான் அந்தப் பட்டறையை விலைக்கே வாங்கிவிட்டேன். இரண்டாவதில் அவர்கள் எனக்கு ஒரு அறை கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவதில் நீ சொன்னதெல்லாம் பொய் என்று உன்னோடு சண்டை போட்டேன். மூன்றையும் என் வீட்டுக்காரி வாங்கிக் கிழித்துவிட்டாள்.

மெஷின் முப்பத்தெட்டாயிரத்துக்குத்தான் போனது. அவசரம் என்று தெரிந்து குறைத்துவிட்டான். மீதி இரண்டாயிரம் அவள் வைத்திருந்தது. எதற்கு வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

வாங்கினவன்தான் பட்டறை முதலாளி. கூட்டு எல்லாம் இல்லை. தினக்கூலி. முதல் நாள் மேஸ்திரி என்னை அழைத்துப் போய் ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தான். என் மெஷின்தான். மிதியில் என் குதிகால் பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. "இதை ஓட்டத் தெரியுமா பெரியவரே? கனத்த மெஷின், பார்த்து ஓட்டணும்" என்றான். இருபத்தாறு வருஷம் ஓட்டினேன் என்று சொல்ல வாய் வந்தது. பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

நீ தெரிந்தே வாங்கினதாக எழுதியிருக்கிறாய். நீ கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. எங்கள் தெருவில் யாரும் என்னிடம் பணம் கேட்பதில்லை, என் வாயை அவர்களுக்குத் தெரியும். நீ ஒருத்திதான் நம்பினாய் என்று நினைத்தேன். நீயும் நம்பவில்லை என்று இப்போது தெரிகிறது. அது ஒரு மாதிரி இருக்கிறது, எழுதத் தெரியவில்லை.

கணக்கைச் சாப்பிடச் சொல். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று மாமா சொன்னதாகச் சொல். என்ன ஏது என்று நீ கேட்காதே, அவளும் சொல்லமாட்டாள்.

முதலாளி ஒரு வருஷத்துக்குள் நாற்பத்திரண்டாயிரம் தந்தால் மெஷினைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எழுதி வாங்கிவிட்டேன். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ஆகிறது. என் கூலியில் இரண்டாயிரம் ஒதுக்கலாம், அதற்குமேல் முடியாது. இதில் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மீதி ஆயிரத்து ஐந்நூறு வேண்டும் அக்கா. மாதாமாதம். கணக்கின் சம்பளத்தில் பாதி ஏற்கெனவே போகிறது என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

என் வீட்டுக்காரி பக்கத்தில் நிற்கிறாள். "கேட்டுட்டீங்களா?" என்றாள். கேட்டுட்டேன் என்றேன். "அப்ப ஒட்டுங்க. திரும்பப் படிக்காதீங்க, படிச்சா மாத்திடுவீங்க" என்கிறாள்.

அதனால் நிறுத்துகிறேன்.

தம்பி